கடலோரத்துப் பழைய பேஸ்: முதலில் திருகாணியைப் பாருங்கள்

ஆழமான சுருதிக்கென்று நாலு தடித்த கம்பியோடு இருக்கிற பேஸ் கிட்டாரைப் பழசாக வாங்கப் போகிறவர் கையில் எடுத்ததும் தெரிந்த பாட்டில் நாலு வரி வாசித்துப் பார்ப்பார். மதுரையிலோ கோயம்புத்தூரிலோ அப்படி வாங்கலாம். எங்கள் பக்கம், வடக்கே தொண்டியிலிருந்து தெற்கே மூக்கையூர் வரைக்கும், கடலைப் பார்த்த எந்த ஊரில் வாங்கினாலும் வாசிப்பதை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் திருப்பிப் போட்டுத் திருகாணிகளைப் பாருங்கள். நெக் என்கிற நீளக் கழுத்தையும் பாடி என்கிற உடலையும் பிணைக்கிற நாலு பெரிய திருகாணிகள், கம்பிகளின் அடிமுனையைத் தாங்குகிற பிரிட்ஜை மரத்தோடு பிடித்திருப்பவை, கம்பியை முறுக்குகிற ட்யூனிங் கீ ஓரங்களில் இருக்கிற பொடித் திருகாணிகள். அந்தக் கிட்டார் இத்தனை வருஷம் எந்த அறையில், எந்த ஜன்னல் பக்கம் கிடந்தது என்று அவை சொல்லிவிடும். விற்கிறவர் பொய் சொல்வார் என்பதற்காக இல்லை. பாதி நேரம் அவருக்கே தெரியாது.

நான் ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடத்துக்காரன். பக்கத்தில் மண்டபத்தில், காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) ஆய்வகத்தார் உலோகங்களைக் கடற்காற்றில் காயப்போட்டு எது எவ்வளவு சீக்கிரம் அரிக்கிறது என்று பார்க்கிறார்கள். அதற்கு நாட்டில் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்றால் எங்கள் காற்றின் யோக்கியதையைப் புரிந்துகொள்ளலாம். 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலம் நூறு வருஷத்துக்கு மேல் துருவோடு மல்லுக்கட்டி, 2022 டிசம்பரில் ரயில் நின்று, 2025 ஏப்ரலில் புதுப்பாலம் வந்தது. பாலத்துக்கே அந்தக் கதி என்றால் பிரிட்ஜில் இருக்கிற மூன்று மில்லிமீட்டர் திருகாணி எம்மாத்திரம்?

மழையில் நனையாமல் வைத்திருந்தேனே என்பார்கள். நனைய வேண்டியதில்லை. காற்றில் வருகிற உப்புத்தூள் உலோகத்தின் மேல் உட்கார்ந்துகொள்ளும். ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பே தானாக நீரை இழுத்துக் கசிய ஆரம்பித்துவிடும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் இருப்பதால் அது இன்னும் குறைந்த ஈரத்திலேயே கசியும். ஆக, அலமாரி மேல் உறைக்குள் கிடக்கிற கிட்டாரின் இரும்பு வருஷம் முழுக்க உப்புத்தண்ணீரில் மெல்லிசாக நனைந்தபடியே இருக்கிறது. குரோம் பூச்சு காப்பாற்றும் என்று நம்பவேண்டாம். பூச்சில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. உப்பு அங்கே இறங்கி அடியில் வேலை செய்யும். மேலே பளபளப்பாக இருக்கும் பிரிட்ஜில் மிளகுத்தூள் தூவின மாதிரி புள்ளிகள் தெரிந்தால் விஷயம் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம்.

ஆனால் துரு என்றாலே ஓடிவிடவும் கூடாது. கடலோரத்தில் துரு இல்லாத பேஸ் வேண்டுமென்றால் புதுசுதான் வாங்கவேண்டும். எந்தத் துரு பணத்தைக் குறைக்கும், எந்தத் துரு வியாபாரத்தையே நிறுத்தும் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும். கம்பியில் துரு என்றால் புதுக்கம்பி போட்டால் தீர்ந்தது. நெக்கின் குறுக்கே பதித்திருக்கிற ஃபிரெட் என்ற உலோகப் பட்டைகளில் பச்சையாகப் படிந்திருப்பது துருவே இல்லை, களிம்பு. ஃபிரெட்டுக்குப் பயன்படுத்துகிற உலோகத்தை நிக்கல் சில்வர் என்பார்கள், அதில் வெள்ளி ஒரு குன்றிமணிகூடக் கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்தது. செம்புப் பாத்திரத்துக்கு ஏறுகிற அதே களிம்புதான் அதிலும் ஏறும், தேய்த்தால் போய்விடும். நெக்குக்குள் ஓடுகிற டிரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியின் தலை துருப்பிடித்து, அதைத் திருப்புகிற அறுகோண ஆலன் கீ போட்டால் வழுக்குகிறது என்றால் மட்டும் நன்றி சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்புங்கள். நாலு கம்பியும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ இழுவிசையில் நெக்கை முன்பக்கம் வளைத்துக்கொண்டிருக்கின்றன. எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடிப்பது அந்த ஒற்றைக் கம்பிதான். அது வேலை செய்யாத பேஸ் சுவரில் மாட்ட நன்றாக இருக்கும்.

இங்கே பேஸ் வாசிப்பவர்கள் யார், அத்தனை பேஸ் எங்கிருந்து வந்தது என்று வெளியூர் நண்பர்கள் கேட்பதுண்டு. கோயில் பாடகர் குழுக்கள் ஒன்று. வேர்க்காடு சந்தியாகப்பர் ஆலயத் திருவிழா ஜூலையில் வரும். கொடியேற்றம் தொடங்கித் தேர்பவனி வரைக்கும் சுற்றுவட்டாரத்துக் குழுக்களுக்கெல்லாம் ஒத்திகைதான். இன்னொன்று இன்னிசைக் கச்சேரிக் குழுக்கள். எண்பதுகளின் சினிமாப் பாட்டுகளில் பேஸ் பாடகருக்குப் பின்னால் ஒதுங்கி நிற்காது, தனக்கென்று ஒரு மெட்டு வைத்துக்கொண்டு கூடவே நடக்கும். அதை மேடையில் வாசிக்க ஆள் இல்லாமல் கச்சேரி எடுபடாது என்ற காலம் இருந்தது. இப்போது கீபோர்டுக்காரர் இடது கையால் பேஸையும் சேர்த்து வாசித்துவிடுகிறார். ரிதம் பேடு ஒருவர் வந்தால் டிரம்ஸும் வேண்டாம். ஒரு ஆளுக்குச் சம்பளம் மிச்சம், வேனில் ஒரு சீட்டு மிச்சம். நான் அதைக் குறை சொல்லவில்லை, கமிட்டிக்காரர்கள் கொடுக்கிற தொகையில் வேறு என்ன செய்வது? ஆனால் அதனால்தான் இத்தனை நல்ல பேஸ்கள் பரண்மேல் ஏறிவிட்டன. லீட் கிட்டார் ஒன்று விற்பனைக்கு வந்தால் அக்கம்பக்கத்துப் பையன்கள் பத்துப் பேர் வருவார்கள். பேஸுக்கு ஒருவரும் வருவதில்லை. சாதாரணக் கிட்டாருக்கு ஆறு கம்பி என்பதால் “ரெண்டு கம்பி அறுந்துபோச்சா தம்பி?” என்று கேட்கிறவர்கள்தான் அதிகம்.

மூன்றாவது வழி வளைகுடா. கல்லூரியில் பேண்டு வைத்திருந்து, வேலைக்குத் துபாய் போய், முதல் சம்பளத்தில் ஆசைப்பட்டு ஒன்று வாங்கி, கல்யாணத்துக்கு ஊருக்கு வரும்போது கொண்டுவந்து, திரும்பிப் போகும்போது விட்டுவிட்டுப் போனவை. நான் இப்போது வாசிக்கிற யமஹா அப்படிக் கீழக்கரையில் ஒரு வீட்டில் கிடைத்தது. மகன் அங்கே, கிட்டார் இங்கே. வாப்பா அலமாரிக்கு மேலேயிருந்து இறக்கிக் கொடுத்தார். உறையைத் திறந்ததும் அந்துருண்டை வாடை மூக்கில் ஏறியது. பூச்சி வராமல் இருக்க ஒரு கைப்பிடி போட்டிருக்கிறார்கள்.

திருகாணிகளில் லேசான பழுப்பு. பிரிட்ஜில் புள்ளி இல்லை. தலைப்பக்கத்திலிருந்து ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நெக்கின் நெடுகப் பார்த்தேன். முறுக்கல் இல்லை, வளைவு மட்டும் கொஞ்சம். தடித்த கம்பியை முதல் ஃபிரெட்டில் ஒரு கையாலும் கடைசி ஃபிரெட்டில் இன்னொரு கை முழங்கையாலும் அழுத்திக்கொண்டு, நடுவில் ஏழாவது எட்டாவது ஃபிரெட் பக்கம் கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் எவ்வளவு சந்து என்று பார்க்கவேண்டும். சட்டைப்பையில் இருக்கிற விசிட்டிங் கார்டுதான் அளவு. ஒரு கார்டு தாராளமாக நுழைந்தால் சரி. இதில் மூன்று கார்டு நுழைந்தது. டிரஸ் ராடின் மூடியைக் கழற்றி ஆலன் கீயைப் போட்டேன். கால் சுற்று. பிசிறில்லாமல் திரும்பியது. கால் சுற்றுக்கு மேல் ஒரே நேரத்தில் திருப்பக்கூடாது, மரம் அதற்குப் பழக ஒரு இரவாவது வேண்டும். மிச்சத்தை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். அந்த நொடியே வாங்குவது என்று முடிவு பண்ணிவிட்டேன். முகத்தில் மட்டும் காட்டிக்கொள்ளவில்லை.

“ஓடுதா தம்பி?” என்றார் வாப்பா.

“ஆம்ப் இல்லாம எப்படிக் காக்கா பாக்குறது” என்றேன். காக்கா என்றால் அந்தப் பக்கத்தில் அண்ணன். சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப் அவர்கள் வீட்டில் கிடையாது. சரி, இதற்கு ஒரு உபாயம் உண்டு. கிட்டாரின் தலையை அலமாரிக் கதவில் பட்டும் படாமலும் சாய்த்துக்கொண்டு தடித்த கம்பியைத் தட்டினேன். தேக்குக் கதவு முழுக்க அதிர்ந்து, உள்ளே அடுக்கியிருந்த பீங்கான் கோப்பைகள் கிணுகிணுத்தன. சமையலறையிலிருந்து உம்மா எட்டிப் பார்த்தார். எலெக்ட்ரிக் பேஸின் மரம் தனியாக ஒலிக்காது, கதவோ மேசையோ கிடைத்தால் அதைப் பெட்டியாக்கிக்கொள்ளும். இப்படி ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃபிரெட்டாக ஏறி வாருங்கள். எங்கே நாதம் பொட்டென்று அணைகிறது, எங்கே இரைச்சல் என்று ஆம்ப் இல்லாமலே தெரிந்துவிடும். மெல்லிய கம்பியில் ஐந்தாவது ஏழாவது ஃபிரெட் பக்கம் ஒரு சுரம் சோர்ந்து ஒலித்தால் பயப்படவேண்டாம். திருகாணி போட்ட நீள நெக் பேஸ்களில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், அந்த இடத்தில் நெக்கே அதிர்வை வாங்கிக்கொள்கிறது.

ஆம்ப் இருந்தால் இன்னும் மூன்று விஷயம் பார்க்கலாம். குமிழ்களைத் திருப்பும்போது கரகர சத்தம் வந்தால் உள்ளே தூசியும் களிம்பும். கான்டாக்ட் கிளீனர் அடித்தால் பெரும்பாலும் போய்விடும். கதவுக் கீலுக்கு அடிக்கிற எண்ணெயை அதில் அடிக்காதீர்கள். ஒயரைச் செருகுகிற ஜாக் ஆடினால் பெரிய செலவில்லை. மூன்றாவது, இரைச்சல். கையைக் கம்பியில் வைத்ததும் இரைச்சல் குறைந்தால் எர்த் ஒயர் ஒழுங்காக இருக்கிறது. கை வைத்ததும் சுரீரென்றால் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு அந்த வீட்டு ஒயரிங்கைத் திட்டுங்கள். திருவிழா மேடையில் ஜெனரேட்டருக்கு எர்த் இறக்காமல் ஓட்டுகிற மைக் செட்டுகளிடம் இது சகஜம். ஒரு கை கம்பியில், உதடு மைக்கில் என்று நிற்கிற ஆளுக்கு அது விளையாட்டில்லை. பேட்டரி போடுகிற மாடல் என்றால் பேட்டரி அறையைக் கட்டாயம் திறந்து பாருங்கள். பழைய பேட்டரி கசிந்து உள்ளே பூத்திருக்கும்.

மகன் வீடியோ அழைப்பில் வந்தார். பன்னிரண்டாயிரம் என்றார். கம்பி ஒரு செட் இரண்டாயிரத்தைத் தாண்டுகிறது, பிரிட்ஜில் கம்பியின் உயரத்தைச் சரிசெய்கிற இரண்டு சேடில் திருகாணி இறுகிப்போயிருக்கிறது, நெக்கைச் சரி பண்ணவேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேமராவில் காட்டினேன். “அண்ணே, நீங்க வாசிப்பீங்கதானே? வாங்கி விக்கிறதுக்கு இல்லையே?” என்று கேட்டார். ஒன்பதாயிரத்தில் முடிந்தது. வாப்பா தேநீர் கொடுத்து, அந்துருண்டைகளையும் ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்.

தீவுக்குத் திரும்பி வந்ததுதான் பெரும்பாடு. கச்சான் காற்று வீசுகிற காலம். பாம்பன் சாலைப் பாலத்தின் மேல் பைக்கில், முதுகில் ஹெல்மெட்டுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கிற உறையோடு போனால் அது பாய் விரித்த வள்ளம்தான். பக்கவாட்டில் அடிக்கிற ஒவ்வொரு வீச்சுக்கும் வண்டி ஒரு முழம் நகர்கிறது. காற்றுக்காலத்தில் பேஸை பஸ்ஸில் கொண்டுபோங்கள். டிரைவருக்குப் பின்னால் இருக்கிற சீட்டின் ஓரம் கேட்டால் தருவார்கள்.

இறுகிப்போன அந்த இரண்டு திருகாணிகளுக்கு நான் கிட்டார் ரிப்பேர்காரரைத் தேடவில்லை. பாம்பனில் போட் எஞ்சின் பார்க்கிற ஒரு அண்ணனிடம் போனேன். உப்பில் இறுகின போல்ட்டைக் கழற்றுவதில் இந்தக் கரையில் அவர்களை மிஞ்ச ஆள் இல்லை. ஒன்றரை மில்லிமீட்டர் ஆலன் கீயைப் போட்டு நான் பலம் காட்டப் போனதும் கையைத் தட்டிவிட்டார். “முக்குனா தல மழுங்கிரும்.” ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, சாலிடரிங் அயர்னின் நுனியைத் திருகாணியின் தலையில் வைத்துக்கொண்டு பீடி பற்றவைத்தார். சூட்டில் திருகாணி விரிந்து, ஆறும்போது சுருங்கும். அந்த இடைவெளியில் துருவின் பிடி விட்டுவிடும். பீடி பாதியானதும் அயர்னை எடுத்து, கொஞ்சம் ஆறவிட்டு, இரண்டு விரலால் கீயைத் திருப்பினார். வந்துவிட்டது. காசு வாங்கவில்லை. “இத வாசிச்சா என்னாத்துக்கு ஆகும்?” என்று மட்டும் கேட்டார்.

ஃபிரெட்டுக் களிம்பை எடுக்க ஸ்டீல் கம்பளி போடச் சொல்வார்கள். போடுவதானால், கம்பியின் அதிர்வை மின்சாரமாக்குகிற பிக்கப்பை டேப் ஒட்டி மூடிவிட்டுப் போடுங்கள். அது காந்தம், இரும்புத் தூளையெல்லாம் இழுத்து வைத்துக்கொள்ளும், பிறகு அங்கேயே துருப்பிடிக்கும். பித்தளை விளக்குக்குப் போடுகிற பாலிஷ் துணியில் தொட்டுத் தேய்த்தாலே போதும். விரல் அழுத்துகிற ஃபிங்கர்போர்டு மரத்துக்குத் தேங்காயெண்ணெய் வேண்டவே வேண்டாம், காறல் வாடை போகாது.

கம்பியைப் பற்றி இரண்டு கட்சி உண்டு. அமெரிக்காவில் மோடவுன் கம்பெனிப் பாட்டுகளுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் அறுந்தால் ஒழியக் கம்பியை மாற்றமாட்டார் என்பார்கள். பழைய கம்பியின் மந்தமான நாதமே அவருக்கு அடையாளம். அவர் டெட்ராய்ட்டில் வாசித்தார், தங்கச்சிமடத்தில் இல்லை. இங்கே மாற்றாமல் விட்டால் விரல்தான் பழுப்பாகும். கம்பியைக் கழற்றிக் கொதிக்கிற தண்ணீரில் பத்து நிமிஷம் போட்டெடுத்தால் அழுக்கு இறங்கி நாதம் கொஞ்ச நாளைக்கு உயிர்பெறும். வீட்டுக்காரர்கள் இட்லிச் சட்டியைத் தரமாட்டார்கள். தனிப் பாத்திரம் வைத்துக்கொள்ளுங்கள்.

யமஹா வந்த பிறகு, அதற்கு முன்பு வைத்திருந்த பேஸை விற்றேன். அது 30 அங்குல ஸ்கேல், அதாவது கம்பி அதிர்கிற நீளம் அவ்வளவுதான், சின்னது. பேஸ் என்று வந்தால் வழக்கமான அளவு 34 அங்குலம். 1951-இல் லியோ ஃபெண்டர் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தபோது வைத்த அளவு அது, இன்றைக்கும் அதுதான் ஓடுகிறது. நின்றுகொண்டு வாசிக்கிற ஆளுயர டபுள் பேஸின் அதே நாலு கம்பி, அதே சுருதியைத்தான் அவர் தோளில் மாட்டுகிற அளவுக்குக் கொண்டுவந்தார். என் சின்ன பேஸின் தலையில் ஒரு பெரிய கம்பெனியின் பெயர் இருந்தது. சீரியல் எண் இல்லை, எழுத்தும் ஸ்டிக்கர். நகல்தான். விளம்பரத்தில் முதல் வரியிலேயே அதைப் போட்டேன். துருவையும் கிட்டத்தில் படம் எடுத்துப் போட்டேன். இது தர்மத்துக்காக மட்டும் இல்லை. தொண்டியிலிருந்து பஸ் ஏறி வந்து, பார்த்துவிட்டு, முகம் சுருங்கித் திரும்பிப் போகிறவரிடம் அரை நாள் பேசிக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை.

விளம்பரம் போட்டதும் முதலில் வருவது “லாஸ்ட் பிரைஸ் என்ன?” பேஸைப் பற்றி ஒரு கேள்வியும் இருக்காது. அதற்குப் பதில் சொல்லாமல் விடலாம். அடுத்து வருவது ராணுவக்காரர். மண்டபத்தில் கேம்ப், நேரில் வர முடியாது, ஆள் அனுப்பி எடுத்துக்கொள்கிறேன், பணத்தை முன்னாலேயே அனுப்புகிறேன் என்று ஒரு க்யூஆர் படம் அனுப்பினார். ஸ்கேன் பண்ணி பின் போட்டால் பணம் வந்துவிடுமாம். பணம் வாங்குவதற்கு ஸ்கேனும் தேவையில்லை, பின்னும் தேவையில்லை. பின் போட்டால் பணம் நம் கணக்கிலிருந்து வெளியே போகும், அவ்வளவுதான். “சார், பேஸ்ல எத்தனை கம்பி?” என்று கேட்டேன். ஆறு என்றார்.

வீடியோ அனுப்பச் சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பேஸின் தடித்த கம்பி வினாடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிர்கிறது. செல்போன் ஸ்பீக்கரால் அந்த ஆழத்தைத் தொடவே முடியாது. நீங்கள் போனில் கேட்பது அதன் மேல் சுரங்களை மட்டும்தான், மிச்சத்தை மூளை நிரப்பிக்கொள்கிறது. அதனால் போனில் கேட்டுவிட்டு “பேஸ் பத்தலையே” என்று விலை பேசாதீர்கள். ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். ஃபிரெட் இரைச்சல் மட்டும் போனிலேயே நன்றாகக் கேட்கும், அதைக் கேட்டு விலை பேசலாம்.

கடைசியில் வந்தது மூக்கையூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண், பிளஸ் ஒன் படிக்கிறது, கூட அப்பா. பாடகர் குழுவில் வாசித்தவர் வெளிநாடு போய்விட்டார், கிறிஸ்துமஸுக்குள் யாராவது கற்றுக்கொள்ளவேண்டும். 34 அங்குலத்தில் முதல் ஃபிரெட்டுக்கும் நாலாவதுக்கும் விரல் எட்டாமல் கஷ்டப்பட்டிருக்கிறது. சின்ன பேஸை மடியில் வைத்ததும் விரல் விரிந்து உட்கார்ந்தது. அது வாசித்த பாட்டில் மூன்றே சுரம்தான், ஆனால் தாளம் எங்கேயும் நழுவவில்லை. பேஸுக்கு அதுதான் வேண்டும். வேகம் அப்புறம் வரும், வராவிட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகாது.

அப்பா பேஸைத் திருப்பிப் போட்டுத் திருகாணிகளைத் தடவிப் பார்த்தார். வலைத்தொழில் பார்க்கிறவர், அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. “இந்த ரெண்டும் இந்த வருசம் தாங்காதுண்ணே” என்று சரியான இரண்டைக் காட்டினார். நாலாயிரத்து ஐந்நூறு சொல்லியிருந்தேன், நாலாயிரம் கொடுத்தார். பெல்ட்டையும் சேர்த்துக் கேட்டார், கொடுத்தேன். ஆலன் கீ செட்டையும் கேட்டார். அதைக் கொடுக்கவில்லை. ராமநாதபுரத்தில் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும் என்று சொல்லி, எந்த அளவு என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன்.